கணவாயில் ஒரு தெருமூடி மடம்: குறளர் விடுதி ஒன்றைக் கட்டிய கதை

என் தங்கையின் மகனும் அவனுடைய நண்பர்கள் நால்வரும் சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருபது முகத் தாயக்கட்டைகளை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டொன்றை ஆடி வருகிறார்கள். அவர்களுடைய கற்பனை நாட்டில் மனிதரும் குறளர் என்னும் குள்ள இனத்தாரும் பூதங்களும் உண்டு. சென்ற ஐப்பசியில் அவர்களின் பயணக் கூட்டம் மலைக் கணவாயொன்றை அடைந்து, குறளர் நடத்தும் விடுதியில் இரவு தங்க வேண்டிய கட்டம் வந்தபோது, மருமகன் கொப்பித் தாளில் ஒரு செவ்வகத்தைக் கீறி, அதற்குள் ஒரு வாசலைக் குறித்து, 'குள்ளர் விடுதி' என்று எழுதி மேசையில் வைத்தான். முப்பது ஆண்டுகள் படவரைஞனாக வேலை பார்த்த எனக்கு அந்தச் செவ்வகத்தைப் பொறுக்க முடியவில்லை. மேசையில் வைக்கும் சிறு மாதிரியாக ஒரு விடுதியைச் செய்து தருகிறேன் என்று வாய்விட்டேன். மூன்று வாரத்தில் முடியும் என எண்ணிய வேலை மூன்றரை மாதம் இழுத்தது.

முதலில் எழுந்த கேள்வி, குறளர் விடுதி என்பது எப்படிப்பட்ட இடம் என்பதே. பிள்ளைகள் காட்டிய படங்களில் எல்லாம் ஒரே சரக்குத்தான் இருந்தது: குறுக்கு மரம் போட்ட வெள்ளைச் சுவர், பீப்பாய்கள், தொங்கும் பெயர்ப்பலகை. அது குறளர் கட்டியது போலவே இல்லை. ஐரோப்பியத் தச்சர் கட்டிய வீட்டுக்குள் குள்ளமான ஆட்களைக் குடியமர்த்தியது போல இருந்தது. மலையைக் குடைந்து வாழும், கல்லை மட்டுமே நம்பும் ஓர் இனம் வழிப்போக்கருக்கு இடம் கொடுத்தால் அது மது விற்கும் தவறணையாக இருக்குமா, சத்திரமாக இருக்குமா, மடமாக இருக்குமா? மருமகன் தவறணை என்றான். அவனுக்கு அந்தச் சொல்லின் ஓசை பிடித்திருந்தது. நான் மடம் என்று நின்றேன். அதற்குக் காரணம் பருத்தித்துறைத் தெருமூடி மடம். வீதியின் இருபுறமும் திண்ணைகள், அவற்றின் மேல் கற்றூண்கள், வீதியையே மூடி நிற்கும் கூரை என்று அமைந்த அந்த மடத்துக்குள் நுழையாமல் யாரும் அந்த வழியால் போக முடியாது. ஒரு கணவாயில் குறளர் விடுதி கட்டினால் இதைவிடப் பொருத்தமான அமைப்பு எது? பாதை விடுதியின் வயிற்றுக்குள்ளாகப் போகும். பனிக்காற்றில் வரும் வண்டி அப்படியே உள்ளே நிற்கும். சுங்கம் வாங்குவதும் குறளருக்கு எளிது. இந்தக் கடைசிக் காரணத்தைக் கேட்டதும் மருமகன் தவறணையைக் கைவிட்டான். 'கல்லடுப்பு மடம்' என்று பெயரும் அவனே வைத்தான்.

அளவுத்திட்டத்தை 1:60 என வகுத்துக்கொண்டேன். இந்த விளையாட்டில் ஆட்களுக்குப் பதிலாகச் சிறு பொம்மைகளை நகர்த்துவார்கள்; ஓர் அங்குலச் சதுரம் ஐந்து அடி நிலத்தைக் குறிக்கும். ஐந்து அடியில் அறுபது அங்குலம் இருப்பதால் கணக்கு அப்படியே பொருந்துகிறது. 1.7 மீற்றர் உயரமுள்ள மனிதன் 28 மில்லிமீற்றரிலும், 1.3 மீற்றர் உயரமுள்ள குறளன் ஏறத்தாழ 22 மில்லிமீற்றரிலும் நிற்பார்கள். 45 சென்ரிமீற்றருக்கு 36 சென்ரிமீற்றர் அளவான ஒட்டுப்பலகை ஒன்றை அடித்தளமாக எடுத்தேன். அளவுத்திட்டப்படி அது 27 மீற்றர் நீளமும் 21.6 மீற்றர் அகலமும் உள்ள காணி.

கணக்கு இவ்வளவு ஒழுங்காக வந்த பிறகு, கதவு என்னைக் கவிழ்த்தது. குறளனுக்கு 1.5 மீற்றர் உயரமும் 0.9 மீற்றர் அகலமும் கொண்ட கதவு போதும் என்று 25 மில்லிமீற்றர் உயரத்திலும் 15 மில்லிமீற்றர் அகலத்திலும் மட்டைச் சுவரில் ஓட்டை வெட்டிப் பார்த்தேன். பொம்மை போகவில்லை. ஏனென்றால் ஒவ்வொரு பொம்மையும் 25 மில்லிமீற்றர் விட்டமும் 3 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள வட்டப் பீடத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. ஆள் நுழைந்தாலும் அவனுடைய பீடம் நுழையாது. கதவை எல்லாப் பக்கமும் பெருப்பித்தால் குறளர் வீடு என்ற தோற்றமே போய்விடும். இரண்டு நாள் யோசித்த பின்னர், உயரத்தைப் பீடத்தின் தடிப்புக்காக மட்டும் 28 ஆக உயர்த்தி, அகலத்தையும் 28 ஆக்கி, இரட்டைக் கதவு போட்டேன். உயரமும் அகலமும் சமமான அந்தச் சதுர வாசலைச் சுவரில் பார்த்த கணமே முழுக் கட்டடமும் எப்படி இருக்க வேண்டும் என்பது எனக்கு விளங்கிவிட்டது. குட்டையாக இருப்பது மட்டும் குறளரின் இலக்கணமன்று. அகலமாக இருப்பதும் அதில் பாதி. மனிதருடைய வீட்டை அப்படியே சிறுப்பித்தால் அது பிள்ளைகளின் விளையாட்டு வீடாகத்தான் தெரியும். அதன் பிறகு தூண், சாளரம், படி, அடுப்பு என எதைச் செய்தாலும் உயரத்தைக் குறைத்து அகலத்தை விட்டுவைப்பதையே விதியாகக் கொண்டேன்.

“மாமா, மனுசர் இந்தக் கதவால எப்பிடிப் போறது?” என்று மருமகன் கேட்டான். குனிந்து போகட்டும் என்றேன். எங்கள் அம்மம்மாவின் நாற்சார் வீட்டில் உள்வாசல் நிலை என் நெற்றி மட்டத்தில்தான் இருந்தது. வருகிறவர் எவராயினும் தலை தாழ்த்தித்தான் உள்ளே வர வேண்டியிருந்தது. குறளருக்கும் அந்தத் திருப்தி கிடைக்கட்டும்.

சுவருக்கு ரெஜிபோம் என்னும் நுரைப்பலகை எடுத்தேன். கலியாண மணவறைச் சோடனை செய்யும் கொட்டகைகளில் தூணும் அன்னமும் வெட்டிய பின் எஞ்சும் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும். பொதிப் பெட்டிக்குள் வரும் ரெஜிபோமைவிட இது இறுக்கமானது. கத்தி பட்டதும் மணிமணியாக உதிர்வதில்லை. வெட்டுவதற்குச் சூட்டுக்கம்பி தேவை. மின்சாதனம் திருத்தும் கடையில் 0.3 மில்லிமீற்றர் தடிப்புள்ள நிக்குரோம் கம்பி வாங்கி, 25 சென்ரிமீற்றர் நீளத்துக்கு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டினேன். அந்த நீளத்துக்குக் கம்பியின் தடை ஏறக்குறைய 4 ஓம். முதலில் 12 வோல்ற்று மாற்றியைக் கொடுத்தபோது 3 அம்பியர் ஓடியது. அதாவது 36 உவாற்று. கம்பி செந்தணலாகி, ரெஜிபோமை வெட்டாமல் உருக்கி, விரல் அகலத்துக்கு வாய்க்கால் விட்டது. பழைய கைத்தொலைபேசியின் 5 வோல்ற்று, 2 அம்பியர் மின்னூட்டியைப் பூட்டியதும் மின்னோட்டம் 1.25 அம்பியருக்கு இறங்கியது; 6 உவாற்றுச் சூட்டில் கம்பி வெண்ணெயில் போவது போலப் போயிற்று. புகை நல்லதன்று, இந்த வேலையை அறைக்குள் செய்யாமல் முற்றத்தில், காற்றுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் இருந்துகொண்டு செய்ய வேண்டும்.

பாதையை மூடும் வளைவுதான் இந்த மடத்தின் உயிர். பருத்தித்துறை மடம் தூண்களின் மேல் நிற்பது. மலையின் பாரத்தைச் சுமக்கும் இடத்தில் குறளர் வளைவையே விரும்புவார்கள் எனக் கொண்டு, பாதை முழுவதையும் அரைவட்டக் கூடமாக்க முடிவு செய்தேன். சாரமாக 63 மில்லிமீற்றர் பிவிசி குழாயை நீளவாக்கில் பாதியாக அரிந்து வைத்தேன். ஆகவே வளைவின் உள் ஆரம் 31.5 மில்லிமீற்றர். 180 பாகையை ஒன்பது கற்களுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 20 பாகை. இரு பக்கமும் பத்துப் பத்துப் பாகை சரிவு. 12 மில்லிமீற்றர் தடிப்புக்கு, கல்லின் உள்முகம் 10.9 மில்லிமீற்றராகவும் வெளிமுகம் 15.1 மில்லிமீற்றராகவும் வரும். இந்த அளவில் 15 சென்ரிமீற்றர் நீளமான ஒன்பது ஆப்புச் சட்டங்களை வெட்டிச் சாரத்தின் மேல் அடுக்கினேன். பத்தாவது சட்டம் ஒன்று நுழையும் அளவுக்கு இடைவெளி மிஞ்சியது. கம்பியின் சூடு ஒவ்வொரு வெட்டிலும் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரைத் தின்றுவிடுகிறது என்பதைப் படவரைஞனாகிய நான் மறந்துபோனேன். ஒன்பது கல்லுக்கும் சேர்த்து ஒரு கல்லே காணாமற் போயிருந்தது. இடைவெளியை மறைப்பதற்குத் தடித்த உச்சிக்கல் ஒன்றைச் செருகினால் அது சாரத்தை எடுத்ததும் வழுக்கி இறங்கியது. எல்லாவற்றையும் எறிந்துவிட்டு, வெட்டிழப்பைச் சேர்த்துக் கணக்கிட்டு மறுபடி வெட்டினேன்.

இரண்டாம் முறை வளைவு பசையில்லாமலே நின்றது. அரைவட்ட வளைவொன்று தன் பாரத்தால் மட்டும் நிற்க வேண்டுமாயின் அதன் தடிப்பு நடு ஆரத்தின் 11 சதவீதத்துக்குக் குறையலாகாது. என்னுடையதோ 32 சதவீதம். பெருமை தாங்காமல் வீட்டாரை அழைத்தேன். தங்கை வந்தவள் வெக்கையாக இருக்கிறதென்று மின்விசிறியைப் போட்டாள். கல்வளைவைக் கல்லின் பாரமே இறுக்கிப் பிடிக்கிறது. ரெஜிபோமுக்கு ஏது பாரம்? ஒன்பது சட்டங்களும் விறாந்தையில் உருண்டோடின. பிறகு பைண்டர் பசை பூசித்தான் ஒட்டினேன்.

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் மேசன் ஒருவர் வேலையைப் பார்க்க வந்தார். சுவரில் நான் பென்சிலால் அழுத்திக் கீறியிருந்த கற்களைப் பார்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக மூட்டு நேரே நிற்கிறது, இப்படிக் கட்டிய சுவர் ஒரே கோட்டில் பிளந்துபோகும் என்றார். அவர் சொன்னது சரி. மேல் வரிசைக் கல் கீழ் வரிசை மூட்டை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். மூலையில் நீளக்கல்லும் குறுக்குக்கல்லும் மாறி மாறி வர வேண்டும். விளையாட்டுக்குத்தானே என்று சொல்ல வாயெடுத்தேன். கல்லறிந்த குறளர் கட்டிய சுவருக்கு அந்தச் சாட்டு ஏற்காது என்று அடக்கிக்கொண்டேன். இரண்டு சுவர்களின் முகத்தைச் சீவிவிட்டு மறுபடி கீறினேன்.

மலையைச் செய்வதுதான் பெரும்பாடு. யாழ்ப்பாணத்தான் மலையைக் கண்டு வளர்ந்தவன் அல்லன். எங்களூரில் பெயரில் மலையுள்ள கீரிமலையிலும் மலை இல்லை. படங்களைப் பார்த்துச் செதுக்கிய முதற்பாறை, கசக்கிப் போட்ட கடுதாசி போல இருந்தது. கடைசியில் எங்கள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். சுண்ணாம்புக்கல்லை வெட்டி இறக்கிய பழைய கிணறு அது. கட்டுக்குக் கீழே பாறை தட்டுத் தட்டாகப் படிந்திருப்பதும், சில தட்டுகள் முன்னே தள்ளி நிற்பதும், இடையிடையே நீர் அரித்த பொந்துகள் கறுத்திருப்பதும் தெளிவாகத் தெரிந்தன. குடாநாட்டின் கீழே கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதைக் கரைத்துக் குகையும் பிலமும் ஆக்குவது இயல்பு. நிலாவரைக் கிணறும் அப்படி உண்டானதே. குறளர் குடியேறுவதற்கு இதைவிட வசதியான பாறை இல்லை. 20 மில்லிமீற்றர் ரெஜிபோம் தகடுகளை ஓரம் கிள்ளிக் கிள்ளி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முற்றத்துச் சுண்ணாம்புக்கல் ஒன்றையே அச்சாக அழுத்தி, பொந்துகளை ஈயப்பற்றுக்கோலின் நுனியால் சுட்டேன். அதற்கு மேல் சுவர்ப்பட்டி மாவும் பைண்டரும் அரித்த மணலும் கலந்து பூசினேன். கடற்கரை மணலாயின் மூன்று தரமாவது நன்னீரில் கழுவ வேண்டும். உப்பு நின்றால் மாரியில் ஈரம் இழுத்துப் பூச்சின் மேல் வெள்ளை பூக்கும்.

இந்த இடத்தில் ஒரு பெரிய பிழை விட்டேன். மேற்பூச்சு உலர்ந்துவிட்டது என்று நம்பி, நேரம் மிச்சப்படுத்த விசிறு பெயின்ற் ரின் ஒன்றை வாங்கி மலைக்குக் கறுப்பு அடித்தேன். அந்தப் பெயின்ரில் உள்ள கரைப்பான் ரெஜிபோமைச் சீனியைப் போலக் கரைக்கும் என்பது எனக்குத் தெரியும். பூச்சு காக்கும் என்று எண்ணினேன். பூச்சுப் படாத விளிம்புகள் எல்லாவற்றாலும் அது உள்ளே புகுந்தது. கண் முன்னே பாறையின் இடப்பக்கம் குழிந்து, மேலே பூச்சு மட்டும் கோதாக நின்றது. கோதை உடைத்து உள்ளே பார்த்தபோது, எந்தக் கத்தியாலும் செதுக்க முடியாத ஒரு குகை அங்கே உருவாகியிருந்தது! அதை அப்படியே வைத்து, சுவரில் பைண்டர் ஊற்றி இறுக்கி, மடத்தின் நிலவறையாக்கினேன். மற்றைய இடங்களுக்கு நீரில் கரையும் சுவர்ப் பெயின்ரையே தூரிகையால் பூசினேன்: அடியில் கரும்பழுப்பு, அதன் மேல் சாம்பல், கடைசியாகத் தூரிகையைத் துணியில் துடைத்துவிட்டுக் கல்லின் மேடுகளில் மட்டும் படும்படி தந்த நிறம்.

கூரையோடு கார்த்திகை மழையும் தொடங்கியது. குறளர் மரக்கூரையை நம்பமாட்டார்கள் என்பதால் கற்பலகை ஓடு என்று தீர்மானித்து, பிஸ்கற் பெட்டி மட்டையில் பத்து மில்லிமீற்றர் அகலமான ஓடுகளை வெட்டினேன். கீழ் வரிசையை மேல் வரிசை மூடி ஏழு மில்லிமீற்றர் மட்டும் தெரிந்தால், 24 சென்ரிமீற்றருக்கு 11 சென்ரிமீற்றரான இரண்டு சரிவுகளுக்கும் ஏறக்குறைய 750 ஓடுகள் தேவை. கோதுமை மாப் பசையால் ஒட்டினேன், எறும்பும் பூச்சியும் அண்டாதிருக்கச் சிறிது மயில்துத்தம் சேர்த்தேன் (நஞ்சு, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்). ஈரக்காற்றில் பசை இரண்டு நாளாகியும் காயவில்லை. காய்ந்தபோது கூரைத் தட்டு முழுவதும் தோணி போல வளைந்துவிட்டது. மட்டையின் ஒரு முகத்தில் மட்டும் ஈரப்பசை பூசினால் காயும்போது அந்த முகம் சுருங்கி இழுக்கும். உட்புறத்திலும் ஒரு தாளை அதே பசையால் ஒட்டி, பனஞ்சிராம்பில் சீவிய ஐந்து தீராந்திகளைக் குறுக்கே கட்டி, அம்மிக்கல்லின் கீழே நான்கு நாள் வைத்த பிறகுதான் நிமிர்ந்தது. முழுதாக அல்ல, வடக்கு மூலை இன்னும் ஒரு மில்லிமீற்றர் தூக்கிக்கொண்டு நிற்கிறது. உள்ளே பொம்மைகளை வைப்பதற்காகக் கூரையைக் கழற்றும்படி செய்ய வேண்டியிருந்ததால், பழைய காதொலிக் கருவிகளின் காந்தங்களை நான்கு மூலைகளிலும் பதித்தேன்.

உள்வேலை விரைவாக முடிந்தது. வாங்குகளும் மேசைகளும் ஐஸ்பழக் குச்சி. விறகு கறுவாப்பட்டைத் துண்டு. ஆகவே மடத்தைத் திறந்தால் வாசம் வரும். அடுப்பில் ஆடும் சுடருக்கு மின்மெழுகுவர்த்தியொன்றின் எல்ஈடியைக் கழற்றி வைத்தேன். விளக்குமாடங்களில் ஐந்து மஞ்சள்வெள்ளை எல்ஈடிகள். ஒவ்வொன்றுக்கும் 220 ஓம் தடை போட்டால் 5 வோல்ற்றில் 9 மில்லியம்பியர்தான் ஓடும். வெளிச்சம் மங்கலாகவே இருக்கும், குறளர் கண்ணுக்கு அது போதும். வாசலின் இருபுறமும் வாயிற்காவலர் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். கோடரி தூக்கிய தாடிக்காரருக்குப் பதிலாக, சங்கநிதியையும் பதுமநிதியையும் களிமண்ணில் பிடித்து வைத்தேன். குபேரனின் செல்வத்தைக் காக்கும் அந்தக் குறள்வடிவினரை அனுராதபுரத்து அபயகிரி விகாரையில் கண்ட நாளிலிருந்தே, பூமிக்கடியிற் பொன்னைக் காக்கும் ஐரோப்பாவின் வடநாட்டுக் குறளருக்கு இவர்கள் ஒன்றுவிட்ட சகோதரர் என்று எனக்கு ஒரு நினைப்பு.

வெளியே செய்த வேலையில் எனக்கு அதிகம் பிடித்தது சுமைதாங்கி. பழைய யாழ்ப்பாணத்து வீதிகளில் மடம் இருந்த இடத்தில் கேணியும் ஆவுரஞ்சிக்கல்லும் சுமைதாங்கியும் சேர்ந்தே இருந்தன. தலைச்சுமையோடு வருகிறவர் பிறர் உதவியின்றி இறக்கி வைப்பதற்கும், மாடு உரசிக்கொள்வதற்கும், குடிப்பதற்கும். கணவாயில் சுமைதாங்கியை இரட்டையாகச் செய்தேன்: மனிதருக்கு 23 மில்லிமீற்றர் உயரத்தில் ஒரு கல், அதனை ஒட்டிக் குறளருக்கு 17 மில்லிமீற்றரில் ஒரு கல். இரண்டு இனமும் நடக்கும் பாதை என்பதை வேறெதையும்விட இந்த இரண்டு கற்களே சொல்கின்றன. ஆவுரஞ்சிக்கல் மட்டக் குதிரைகளுக்கு உதவட்டும்.

புகைக்கூடு மட்டும் குட்டையாகிவிட்டது. கடைசி வெட்டின்போது நுளம்பு ஒன்று கண்ணிமையில் கடிக்க, கை அசைந்து, கம்பி இரண்டு சென்ரிமீற்றர் கீழே இறங்கியது. நோர்வேயிலிருக்கும் மைத்துனரிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்நாட்டுப் புராணத்தில், தோர் என்னும் தேவனுக்குக் குறளர் சம்மட்டி செய்துகொண்டிருக்கையில், லோகி என்பவன் ஈயாக வந்து துருத்தி ஊதியவனின் கண்ணிமையில் கடித்தானாம்; துருத்தி ஒரு கணம் நின்றதால் சம்மட்டியின் பிடி குட்டையாகிவிட்டதாம். ஆகவே புகைக்கூட்டைத் திருத்த வேண்டாம் என்று அவர் கட்டளையிட்டார். திருத்தவில்லை.

தை மாதத்து இரண்டாம் சனிக்கிழமை மடத்தில் முதல் ஆட்டம் நடந்தது. வண்டி வளைவுக்குள் சரியாக நின்றது. குறளர் சதுர வாசலால் போய்வந்தனர். ஒளித்து வைத்திருந்த நிலவறையை அரை மணி நேரத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். மருமகனின் மந்திரவாதி மட்டும் நிமிர்த்திப் பிடித்த 38 மில்லிமீற்றர்த் தடியோடு வாசலில் மாட்டிக்கொண்டான். தடியை வெளியே சாத்திவிட்டு வா என்று குறளர் தலைவன் சொல்வதாகக் கதையை நகர்த்தினார்கள். ஆனால் தடி கையோடு வார்க்கப்பட்டது, கழறாது. வாசலைப் பெருப்பிக்க நான் சம்மதிக்கவில்லை. வரும் கிழமை திண்ணையின் ஓரத்தில், கூரைச் சரிவின் கீழே, உயரமான விருந்தாளிகளுக்கென்று ஒரு சார்ப்பு இறக்கலாம் என்று இருக்கிறேன். அதற்கு இன்னும் 60 ஓடுகள் வெட்ட வேண்டும்.